கிளிநொச்சியில் லப்டொப் தட்டுப்பாடு, நியூயோர்க்கில் பங்குச் சரிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரலில் கிளிநொச்சிக் குடும்பம் ஒன்றின் சேமிப்பில் ஒரு பகுதி, கணினி செய்யும் அமெரிக்க எச்பி கம்பனியின் பங்குகளாக மாறியது. வாங்கியவர் ரொறன்ரோவில் வேலை செய்யும் மச்சான். வாங்கத் தூண்டியது, ஏ9 வீதிப் பக்கமாகக் கணினிக் கடை நடத்தும் அத்தான் தொலைபேசியில் சொன்ன செய்தி: "இங்கை லப்டொப் எடுக்கவே ஏலாமல் கிடக்கு. கிடைச்சாலும் முந்தின விலையிலை ரெண்டு மடங்கு சொல்லுறாங்கள்." பங்கு ஒன்று ஏறக்குறைய 40 டொலருக்கு வாங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் முடிவில் அதன் விலை 25 டொலர். ஆறு மாதத்துக்குள் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தொகையையும் விட்டுவிட்டேன். வன்னியில் இன்று வெளிநாட்டுப் பங்கு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளால் இங்கிருந்து நேரடியாக வாங்குவது எளிதல்ல. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் வாங்குகிறார், ஆனால் முடிவு இரண்டு பக்கமும் பேசித்தான் எடுக்கப்படுகிறது. அதனால் அந்தப் பேச்சில் எது பிழைத்தது என்று பார்ப்பது இங்கே பலருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, கடையில் கண்ணால் கண்ட தட்டுப்பாடு. மற்றது, அமெரிக்காவின் பெயர்பெற்ற முதலீட்டாளர் வோரன் பஃபெட். அவருடைய பேர்க்ஷயர் ஹாத்வே நிறுவனம் எச்பியில் சுமார் 12 கோடி பங்குகளை, அன்றைய விலையில் 400 கோடி டொலருக்கு மேல் பெறுமதியானவற்றை, வைத்திருப்பதாக அந்த ஏப்ரல் தொடக்கத்தில் வெளியாகியது. மறுநாள், ஏப்ரல் 7 அன்று, எச்பி பங்கு ஏறக்குறைய 15 சதவீதம் பாய்ந்தது. மச்சான் வாங்கியது அந்தப் பாய்ச்சலுக்குப் பின்னர்.

கடை சொன்ன செய்தி எதைப் பற்றியது

முதலில் கடைச் செய்தியை எடுப்போம், ஏனென்றால் பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேலே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. பிடியை விட்டதும் மே மாதத்தில் 360 வரை போனது. கொழும்புக்கு 500 டொலருக்கு வந்திறங்கும் ஒரு லப்டொப்பை எடுங்கள். மார்ச்சுக்கு முன்னர் அது ஒரு இலட்சம் ரூபா. மே மாதத்தில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம். வரியும் ஏற்றுக்கூலியும் கடைக்காரரின் பங்கும் இதற்கு மேல். விலை ஏறியது உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு சதம்கூட எச்பிக்குப் போகவில்லை, அவர்களுக்கு வந்தது அதே 500 டொலர்தான்.

தட்டுப்பாட்டின் கதையும் இதே மாதிரி. வங்கிகளில் டொலர் இல்லை, எல்சி (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் கடனுறுதிக் கடிதம்) திறக்க முடியவில்லை, கொழும்பு இறக்குமதியாளரிடம் பொருள் இல்லை, ஆகவே கிளிநொச்சியில் இல்லை. உலகம் லப்டொப்புக்கு வரிசையில் நின்றதால் வந்த தட்டுப்பாடு அல்ல இது. ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முதல் நாள் வந்த ஐடிசி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு, 2022இன் முதல் காலாண்டில் உலகெங்கும் விற்பனைக்கு அனுப்பப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதமளவு குறைந்ததாகச் சொன்னது. இரண்டு செய்திகளும் ஒரே கிழமையில் வந்தன. கிளிநொச்சியில் முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், அது இயல்பு. இந்தப் பங்கைப் பொறுத்தவரை கனமான செய்தி இரண்டாவது.

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று உலகம் முழுவதும் கணினி வாங்கினார்கள். வன்னிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அப்பா அம்மாவின் கைபேசியில் வாட்ஸ்அப் வழியாகப் படித்தார்கள் என்பதால் அந்த அலை இங்கே அவ்வளவாகத் தெரியவில்லை. ஐடிசி கணக்கில் 2021இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 35 கோடி கணினிகள் கடைகளுக்கும் வாடிக்கையாளருக்கும் அனுப்பப்பட்டன. 2022இல் அது 29 கோடியளவாகவும் 2023இல் 26 கோடியளவாகவும் இறங்கியது. வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினால் நாலைந்து வருடம் ஓடும். 2023இல் வாங்கியிருக்க வேண்டியவர் 2020இலேயே வாங்கிவிட்டார். அப்படியென்றால் 2021இன் உச்சம் புதிய தேவையால் மட்டும் வந்ததல்ல, வருங்காலத்திலிருந்து இழுத்தெடுத்த விற்பனையும் அதில் இருந்தது. இதற்கான அடையாளம் 2021இன் முடிவிலேயே இருந்தது: பள்ளிப் பிள்ளைகளுக்காக அதிகம் விற்ற குரோம்புக் வகை லப்டொப்பின் அனுப்பீடு அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் முந்தைய ஆண்டைவிட 60 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது.

அத்தானுக்கு இது தெரிய வழியே இல்லை. அவருடைய கடைக்கு வருகிறவர்கள் அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள், விவசாய பீட மாணவர்கள், பாடசாலைகள், சில அரச அலுவலகங்கள். ஆண்டுதோறும் புதிதாக ஒரு தொகுதி மாணவர்கள் வருகிறார்கள், ஆண்டுதோறும் லப்டொப் கேட்கிறார்கள். அங்கே தேவை வற்றுவதே இல்லை. கல்லாவில் இருந்து பார்த்தால் உலகமே அப்படித்தான் தெரியும்.

விற்பனை கொஞ்சம் குறைந்தால் பங்கு ஏன் இவ்வளவு விழ வேண்டும்

அடுத்த கேள்வி மச்சானுடையது, நல்ல கேள்வி. 2022 நிதியாண்டு முழுவதையும் பார்த்தால் எச்பியின் மொத்த வருமானம் 6,300 கோடி டொலர். அதற்கு முந்தைய ஆண்டும் ஏறக்குறைய அதேதான். வருமானம் அசையாமல் நிற்கப் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுவது என்ன நியாயம்?

காலபோக நெல்லை வைத்து விளக்கினேன். ஒரு ஏக்கருக்கு உழவு, விதை, பசளை, மருந்து, வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு இலட்சம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நெல் விற்று ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் வருகிறது. இலாபம் பத்தாயிரம். அறுவடை நேரத்தில் எல்லோருடைய நெல்லும் ஒன்றாகச் சந்தைக்கு வர, விலை ஐந்து சதவீதம் இறங்குகிறது. கைக்கு வருவது 104,500. செலவு மாறவில்லை. இலாபம் 4,500. விலை இறங்கியது ஐந்து சதவீதம், இலாபம் குறைந்தது ஐம்பத்தைந்து சதவீதம். இதை இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கணினி செய்கிறவர்களின் நிலையும் இதுதான். எச்பியின் கணினிப் பிரிவில் 100 டொலருக்கு விற்றால் செயற்பாட்டு இலாபமாக (செய்யவும் விற்கவும் ஆன செலவு போக மிஞ்சுவது) நிற்பது ஆறு டொலர் அளவு. செயலி இன்டெல்லிடமிருந்து, விண்டோஸ் மைக்ரோசொப்டிடமிருந்து, நினைவகம் கொரியாவிலிருந்து. இவற்றின் விலையை எச்பி தீர்மானிப்பதில்லை. விற்கும் விலையையும் முழுதாகத் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் பக்கத்தில் லெனோவோ, டெல், ஏசர், ஆசஸ் என்று ஏறக்குறைய அதே பொருளோடு நிற்கிறார்கள். கடைகளில் பெட்டிகள் தேங்கினால் எல்லோரும் தள்ளுபடி போடுவார்கள். நூற்றுக்கு மூன்று டொலர் தள்ளுபடி போட்டால் இலாபத்தில் பாதி போய்விடும்.

ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். விற்பனை எண்ணிக்கை குறைவதும் விலை குறைவதும் ஒன்றல்ல. எண்ணிக்கை குறைந்தால் உதிரிப்பாகச் செலவும் கூடவே குறையும், அடி ஓரளவு தாங்கக்கூடியது. விலை குறைந்தால் முழு அடியும் இலாபத்தில் விழும். ஆகவே "எத்தனை இயந்திரம் விற்றது" என்ற தலைப்புச் செய்தியைவிட, "கடைகளில் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது" என்ற சின்னச் செய்திக்குத்தான் பங்குச் சந்தை அதிகம் பதறுகிறது. 2022இன் நடுப்பகுதியில் தேக்கம் பற்றிய பேச்சு வந்தது. அத்தோடு எச்பி விற்பனையில் மூன்றில் இரண்டு பங்களவு அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிறது. அந்த ஆண்டு டொலர் வலுத்ததால் வெளிநாட்டு வருமானம் டொலரில் சுருங்கியது. நம்மைப் பிழிந்த அதே வலுவான டொலர் அவர்களையும் கொஞ்சம் கடித்தது.

பணப் பாய்ச்சலிலும் ஒரு பொறி இருக்கிறது. டெல் கம்பனி பல ஆண்டுகளாகப் பெருமைப்பட்ட ஒரு முறை: வாடிக்கையாளரிடம் பணத்தை முதலில் வாங்குவது, உதிரிப்பாகம் தந்தவருக்குப் பிறகு கொடுப்பது. வியாபாரம் வளரும்வரை அடுத்தவர் பணத்தில் ஓடலாம். வியாபாரம் சுருங்கும்போது பழைய கடனைக் கட்ட வேண்டும், உள்ளே வருவது குறைவு. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் டெல்லின் செயற்பாட்டுப் பணவரவு 1,000 கோடி டொலருக்கு மேல். அடுத்த ஆண்டு அது 360 கோடி டொலர் அளவு. இரண்டு ஆண்டிலும் மொத்த வருமானம் 10,000 கோடி டொலரைத் தாண்டியே இருந்தது!

பழைய சரிவுகள்

இதெல்லாம் 2022இல் புதிதாக வந்ததல்ல. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பாடமாக இருக்கும் நாள் 2000 செப்டெம்பர் 29. முதல் நாள் மாலை அப்பிள் கம்பனி, அந்தக் காலாண்டில் பங்கொன்றுக்கு 30 முதல் 33 சதம் வரைதான் இலாபம் வரும் என்று எச்சரித்தது. பகுப்பாய்வாளர்கள் எதிர்பார்த்தது 45 சதம். நட்டம் என்று சொல்லவில்லை, இலாபம் கொஞ்சம் குறையும் என்றுதான் சொன்னது. மறுநாள் 53.50 டொலரில் இருந்த பங்கு 25.75இல் முடிந்தது, ஒரே நாளில் 52 சதவீதம். அன்று பலரும் இது அளவு கடந்த பயம் என்றார்கள். ஆனால் அடுத்த காலாண்டில் அப்பிள் 19.5 கோடி டொலர் நட்டம் காட்டியது. விற்காத பெட்டிகள் கடைகளில் கிடந்தன, விலையைக் குறைத்துக் கரைக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கைக்குள் ஒளிந்திருந்த தேக்கத்தைச் சந்தை மோப்பம் பிடித்துவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

(பழைய விலை வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய வரைபடத்தில் அந்த நாளைத் தேடினால் 25.75 இருக்காது, 46 சதம் அளவில்தான் இருக்கும். பின்னர் 2005, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் அப்பிள் பங்கைப் பிரித்தது. பழைய ஒரு பங்கு இன்று 56 பங்கு. இதை அறியாமல் பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிட்டு வீணாக வாதாடுகிறவர்கள் உண்டு.)

எச்பியும் இதற்கு முன்னர் இரண்டு பெரிய அடிகளை வாங்கியது, இரண்டும் முதன்மையாக விற்பனையால் அல்ல, முடிவுகளால். 2001 செப்டெம்பரில் போட்டிக் கணினிக் கம்பனியான கொம்பாக்கை 2,500 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்ததும் எச்பி பங்கு 19 சதவீதமளவு விழுந்தது. பணமாகக் கொடுக்காமல் எச்பி பங்காகவே கொடுப்பதாக இருந்ததால், வாங்கப்படும் கொம்பாக்கின் பங்கும் சேர்ந்தே விழுந்தது. 2011 ஓகஸ்டில் நிலைமை தலைகீழ். உலகில் அதிகம் கணினி விற்கும் கம்பனியாக இருந்துகொண்டே, கணினிப் பிரிவைப் பிரித்துவிட யோசிப்பதாகச் சொன்னது. மறுநாள் 20 சதவீதம் போயிற்று. ஐந்து கிழமைகளில் தலைமை நிர்வாகி லியோ அப்போதேக்கர் நீக்கப்பட்டார், அடுத்த மாதம் பிரிக்கும் யோசனையும் கைவிடப்பட்டது. பிறகு 2015இல் கம்பனி இரண்டாகப் பிரிந்தபோது கணினியும் அச்சுப்பொறியும் சேர்ந்து இன்றைய எச்பி ஆகின. இந்தச் சேர்க்கை முக்கியம்: வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு கணினி தருகிறது, ஆனால் செயற்பாட்டு இலாபத்தில் பாதிக்கு மேல் தந்தது அச்சுப்பொறியும் மையும். மச்சான் கணினிக் கம்பனி வாங்கியதாக நினைத்தார். வாங்கியதில் பாதி மைக் கம்பனி.

இன்னொரு அமெரிக்கக் கணினிக் கம்பனியான கேட்வேயின் கதை குறுகியது. 1999இல் 80 டொலரைத் தாண்டிய பங்கு, 2007இல் ஏசர் அதை வாங்கியபோது 1.90 டொலர்.

டெல்லின் நிறுவனர் மைக்கல் டெல் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே வெளியேறினார். 2013இல் ஏறக்குறைய 2,500 கோடி டொலருக்குக் கம்பனியைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு, காலாண்டுக் கணக்கின் நெருக்குதல் இல்லாமல் அதை மாற்றியமைக்கப் போவதாகச் சொன்னார். விலை குறைவென்று கார்ல் ஐகான் போன்ற பங்காளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் டெல் திரும்பவும் சந்தைக்கு வந்தது.

டெல்லின் 2024

"அப்ப எச்பியை விட்டுட்டு டெல்லை வாங்கியிருக்கலாம்தானே?" என்று மச்சான் கேட்டார். விடை அவர் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது.

2024 மார்ச் 1 அன்று டெல் பங்கு ஒரே நாளில் 31 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கணினி விற்பனை அப்போது நலிந்துதான் கிடந்தது. கணினிப் பிரிவின் வருமானம் இரண்டு ஆண்டுகளில் 6,150 கோடியிலிருந்து 4,890 கோடி டொலருக்கு இறங்கியிருந்தது. ஏறியதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவுக்கான சேவையகங்களுக்கு (தரவு மையங்களில் ஓடும் பெரிய கணினிகள்) வந்த கட்டளைகள். மூன்று மாதம் கழித்து மே 31 அன்று அதே பங்கு 18 சதவீதம் விழுந்தது. அந்தக் காலாண்டில் மொத்த வருமானம் 6 சதவீதம் கூடியிருந்தது, சேவையகங்களும் நன்றாக விற்றன. விழுந்ததற்குக் காரணம் அந்தச் சேவையகங்களில் நிற்கும் இலாபம் மெல்லியது என்று தெரிய வந்ததுதான். பெரும் பங்கு உள்ளே இருக்கும் சில்லுக்குப் போகிறது, பெட்டி செய்கிறவருக்குக் கொஞ்சம்தான். முன்பு இன்டெல் இருந்த இடத்தில் இப்போது என்விடியா இருக்கிறது. டெல்லின் இடம் மாறவில்லை.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துறையின் குணம் விளங்கும். விற்பனை நன்றா என்று சந்தை கேட்பதில்லை. நேற்றுவரை விலைக்குள் ஏற்றி வைத்த எதிர்பார்ப்பைவிட நன்றா என்று கேட்கிறது. இலாபம் மெல்லியதாக இருக்கும் இடத்தில் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையே ஒரு டொலர் விலகினாலே கணக்கு முழுதாக ஆடுகிறது.

2025 ஏப்ரல் 3 இன்னும் தெளிவு. முதல் நாள் அமெரிக்கா இறக்குமதித் தீர்வைகளை அறிவித்தது. டெல் 19 சதவீதம், எச்பி 15 சதவீதம், அப்பிள் 9 சதவீதம் அளவு விழுந்தன. தீர்வை எல்லோருக்கும் பொதுதான். தாங்கிக்கொள்ள அப்பிளிடம் கொழுத்த இலாப இடைவெளி இருந்தது, மற்ற இருவரிடமும் இல்லை. அடுத்த கிழமை முடிவில் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் விலக்கு வந்தது.

இப்போது எங்கே நிற்கிறது

மச்சான் விற்கவில்லை. பங்கு வைத்திருப்பவருக்குக் கம்பனி கொடுக்கும், 2022இல் காலாண்டுக்கு 25 சதமாக இருந்த பங்கிலாபம் பின்னர் சற்று உயர்ந்து வந்துகொண்டே இருந்தது, அது ஓரளவு ஆறுதல். பேர்க்ஷயர் 2023இலேயே தன் எச்பி பங்கில் பெரும்பகுதியை விற்றுவிட்டது. பெரிய முதலீட்டாளர் உள்ளே வந்த செய்தியை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், வெளியே போன செய்தியை யாரும் கவனிக்கவில்லை. 2024 நவம்பரில் விலை வாங்கிய அளவுக்கே கிட்டத்தட்டத் திரும்பி வந்தது. அப்போது விற்றிருக்கலாமா என்று இப்போது கேட்பது எளிது. 2025 முடிவில் அது மறுபடியும் 25 டொலருக்குக் கீழே.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பழைய கணினியை மாற்ற வேண்டிய கட்டாயம் உலகெங்கும் வந்தது, விற்பனையும் கூடியது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோது இதே காரணமும் சேர்ந்து எச்பி பங்கு நன்றாக ஏறியது. இந்த முறை ஏன் ஏறவில்லை என்பதற்கு விடை அத்தானின் கடையிலேயே இருக்கிறது: ராம் எனப்படும் நினைவகத்தின் விலை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளப்படுவதால் 2025 பிற்பகுதியிலிருந்து விலை கடுமையாக ஏறிவிட்டது. அந்த நவம்பரில் ஒரு முதலீட்டு வங்கி இதைக் காரணம் காட்டிக் கணினிப் பங்குகளின் தரத்தைக் குறைத்ததும் டெல் ஒரே நாளில் 8 சதவீதமளவு இறங்கியது.

அத்தான் இதைப் பற்றியும் எடுத்துக் கேட்டார். "ராம் விலை ஏறிப் போச்சு. இந்த முறை ரூபாவாலை இல்லைத்தானே? எச்பிக்கு நல்லதோ?" இந்த முறை அவர் கல்லாவில் கண்டது உலகச் செய்திதான். ஆனால் ஏறும் விலை நினைவகம் செய்யும் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் கைகளுக்குப் போகிறது. எச்பிக்கு அது செலவு. ஒரு கணினியின் செலவில் 15 முதல் 18 சதவீதம் நினைவகத்துக்குப் போவதாக எச்பியின் அப்போதைய தலைமை நிர்வாகி என்ரிக்கே லோரஸ் 2025 நவம்பரில் சொல்லியிருந்தார். நூற்றுக்கு ஆறு டொலர் இலாபம் நிற்கும் பொருளில் பதினாறு டொலர் உதிரிப்பாகம் இரட்டிப்பானால், விலையைக் கூட்ட வேண்டும், அல்லது 16 ஜிபி போட்ட இடத்தில் 8 ஜிபி போட்டு அதே விலைக்கு விற்க வேண்டும், அல்லது இலாபத்தை விட வேண்டும். மூன்றில் எதை எச்பி செய்கிறது என்பது காலாண்டு அறிக்கையில், கணினிப் பிரிவின் செயற்பாட்டு இலாப வீதம் என்ற ஒரு வரியில் தெரியும். அதற்கு முன்னர், கொழும்பிலிருந்து புதிதாக வரும் பெட்டிகளில் எத்தனை ஜிபி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி மச்சான் அத்தானிடம் கேட்டிருக்கிறார்.